அப்பெ என்றால் அன்னை

மைசூரில் குடியேறும் தமிழருக்குக் கன்னட உறவுச் சொற்களைக் கற்பது அரிய செயலன்று. அம்மாவும் அக்காவும் இங்கும் அம்மாவும் அக்காவுமே. தம்பி ‘தம்ம’ ஆகின்றான், தங்கை ‘தங்கி’, மாமன் ‘மாவ’. சித்தப்பா ‘சிக்கப்ப’, பெரியப்பா ‘தொட்டப்ப’. உதகைக்கருகில் தொட்டபெட்டாவைக் கண்டவர்க்கு, ‘தொட்ட’ என்றால் பெரிய என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அடுத்த வீட்டில் மங்களூர்ப் பக்கத்துத் துளுக் குடும்பம் இருந்துவிட்டால் நம் நிச்சயம் சற்றே கலைந்துவிடும். துளுவில் ‘அப்பெ’ என்றால் தாய். ‘அம்மெ’ என்றால் தந்தை! ‘அப்பெ’ என்று அழும் குழந்தையைத் தந்தையிடம் கொண்டு சேர்த்தால் அழுகை அடங்காது. துளுவும் நம் மொழியைப் போலத் திராவிட மொழியே. பின் இம்மாற்றம் எங்ஙனம் நேர்ந்தது?

பல் முளையாத குழந்தைக்கு எளிதில் வருவன இதழ் மூடித் திறக்கும் ஒலிகள். மூடிய இதழோடு மூச்சு மூக்கின் வழியே வந்தால் மகரம். மூச்சை அடக்கி விடுத்தால் பகரம். வாய் திறந்தால் அகரம் தானே பிறக்கின்றது. குழந்தை பொருள் கருதி அவற்றைச் சொல்வதில்லை. கேட்கும் பெரியவர்களே, ‘என்னைத்தான் அழைக்கின்றது’ என்று உரிமை கொண்டாடுகின்றனர். எவ்வொலிக்கு எவர் உரியவர் என்பதை அந்தந்த மொழியாரின் வழக்கு முடிவு செய்கின்றது.

மொழியறிஞர் ரோமன் யாக்கப்சன் 1960இல் வெளியான கட்டுரையொன்றில் இதனை ஆராய்ந்தார். மானிடவியலாளர் மர்டாக் திரட்டிய 1072 சொற்கள் அவருக்குச் சான்றாயின. தாயைக் குறிப்பவற்றுள் நூற்றுக்கு 55இல் மூக்கொலி இருந்தது. தந்தையைக் குறிப்பவற்றுள் 15இல் மட்டுமே. பால் பருகும் குழந்தையின் வாய் அடைபட்டிருக்க, மூக்கின் வழியே எழும் முனகலே பின்னர்த் தாயை அழைக்கும் ஒலியாயிற்று என்பது அவர் விளக்கம். இது பெரும்பான்மை பற்றியதே. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ தந்தை, ‘தேதா’ தாய்.

ஆதலின், உலகத்து ‘மாமா’க்கள் அனைத்தும் நம் அம்மாவிலிருந்து பிறந்தவை என்பாரோடு நாம் உடன்படுவதற்கில்லை. தமிழுக்கும் கன்னடத்துக்கும் உள்ள உறவுக்குத் தங்கையும் தங்கியும் அதனினும் வலிய சான்று. அவை மழலையில் தற்செயலாய்த் தோன்றுவன அல்ல.

தமிழுக்குள்ளேயே பொருள் இடம் மாறுகின்றது. ‘அப்பச்சி’ என்பது நகரத்தார் இல்லங்களில் தந்தை. கொங்கு நாட்டில் தாயின் தந்தை. காயல்பட்டினத்தில் ‘காக்கா’ என்று அழைத்தால் திரும்பிப் பார்ப்பவர் மூத்த சகோதரர். வெளியூரார் வானத்தை நோக்குவார்!

பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் சிலர், பேரக்குழந்தை பாட்டியை ‘அஜ்ஜி’ என்று அழைப்பதற்கு வருந்துகின்றனர். வருந்த வேண்டுவதில்லை, பாட்டியின் இடத்தில் அஜ்ஜியும் குறைவின்றி அமர்கின்றாள். நாம் அஞ்சுவது ‘அங்கிள்’ என்னும் சொல்லுக்கே. அச்சொல்லில் மாமனும் சித்தப்பாவும் ஒருவராகிவிடுகின்றனர். மாமன் மகள் நம் மரபில் முறைப்பெண். சித்தப்பா மகளோ உடன்பிறந்தாள். ‘மாவ’ என்றும் ‘சிக்கப்ப’ என்றும் பிரித்தழைக்கும் கன்னட அயலாரிடத்தும் இவ்வேறுபாடு உண்டு. தமிழ்க் குழந்தை அவர்களிடமிருந்தும் அதனைக் கேட்டறியலாம்.