கார் எஞ்சினை மாற்றப்போகிறீர்களா? குதிரைச் சக்தியைக் கடைசியில் பாருங்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செங்காங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தோசை தட்டில் விழுவதற்கு முன்பே அக்கா மகன் என்னைக் கீழே அழைத்துக்கொண்டு போய்விட்டான். பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் மூன்றாம் தளத்தில் அவனுடைய நிசான் சில்வியா எஸ்15 நின்றது. இரண்டு கதவு, பின்சக்கர ஓட்டம், வயது இருபதைத் தாண்டியது. வேலைக்குச் சேர்ந்து நான்கு ஆண்டுகள் சேர்த்த பணத்தில் வாங்கிய கார்.

“மாமா, ஜோகூர்ல ஒருத்தர்கிட்ட டர்போ எஞ்சின் இருக்கு. லான்சர் எவல்யூஷன்ல வர்றது. 280 குதிரைச் சக்தி. புதன்கிழமைக்குள்ள முன்பணம் கட்டணும்,” என்றான்.

மேலே வந்ததும் அக்கா என் காதில் மட்டும் விழும்படி, “கல்யாணத்துக்கு வச்சிருந்த காசுடா அது. நீயாவது சொல்லு,” என்றார்.

வாகனப் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அவன் வயதில் நானும் இதே தவறைச் செய்தேன். விலை மலிவு என்று ஓர் எஞ்சினை வாங்கி, அதற்குரிய கியர்பாக்ஸும் தாள்களும் இல்லாமல் நண்பரின் பட்டறையில் தார்பாய் போட்டு இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தேன். கடைசியில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். அதனால் அன்று அவனைத் திட்டவில்லை. ஒரு தாளும் பேனாவும் எடுத்துவரச் சொன்னேன். நாங்கள் எழுதிப் பார்த்த கணக்கு, பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே தருகிறேன்.

முதல் கேள்வி: அனுமதி கிடைக்குமா?

சிங்கப்பூரில் ஒவ்வொரு காரின் எஞ்சின் எண்ணும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவில் இருக்கிறது. வேறு வகை எஞ்சினைப் பொருத்த ஆணையத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். எஞ்சினை வாங்கிப் பொருத்திவிட்டுப் பிறகு கேட்கலாம் என்பது பணத்தைக் கடலில் போடுவதற்குச் சமம். அனுமதியில்லாத மாற்றத்துக்கு அபராதம் மட்டுமல்ல, சிறைத் தண்டனையும் விதிக்கப்படலாம்.

பத்து ஆண்டுகளைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் ஆய்வுக்குப் போக வேண்டும். ஆய்வில் தேறாவிட்டால் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. காப்புறுதி நிறுவனத்திடமும் மாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால், விபத்து நேரும் நாளில் இழப்பீடு கேட்டு நிற்கும்போது அந்த எஞ்சினே நமக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

அடுத்தது சாலை வரி. பெட்ரோல் காருக்கு அது எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது. 1,600 சிசி காருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 740 வெள்ளி. 2,000 சிசியை ஒட்டிய காருக்கு ஏறத்தாழ 1,210 வெள்ளி. பத்து ஆண்டுகளைத் தாண்டினால் ஒவ்வோர் ஆண்டும் 10 விழுக்காடு கூடுதல் கட்டணம் சேர்ந்து 50 விழுக்காடு வரை போகும். எங்கள் சில்வியாவுக்கு இப்போதே ஏறத்தாழ 1,815 வெள்ளி. இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. டர்போ இருக்கிறதா இல்லையா என்பதைச் சாலை வரி பார்ப்பதில்லை. அதே கொள்ளளவில் டர்போ எஞ்சின் போட்டால் வரி கூடாது.

வாகன உரிமைச் சான்றிதழில் எத்தனை ஆண்டு மீதம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த சான்றிதழை மறுபடி புதுப்பிக்க முடியாது. அந்தக் காலம் முடிந்ததும் காரின் பதிவை ரத்து செய்ய வேண்டியதுதான். அப்படிப்பட்ட காரில் ஆயிரக்கணக்கில் செலவழிப்பது, குத்தகை முடியப்போகும் வீட்டுக்குப் பளிங்குத் தரை போடுவது போன்றது. என் மருமகன் பத்தாண்டுக்குப் புதுப்பித்த காரை வாங்கியிருந்தான். இன்னும் ஆறு ஆண்டு மீதம் இருந்தது. அதனால் கணக்கைத் தொடர்ந்தோம்.

நான்கு சிலிண்டர் டர்போ ஏன்?

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அதிகக் காற்று உள்ளே போனால் அதிகப் பெட்ரோலை எரிக்கலாம். சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும். இதுதான் டர்போ. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் குட்டையானது, எடை குறைந்தது. சிறிய காரின் மூக்கில் பாரம் ஏற்றாது. அதன் திறனில் ஐயம் வேண்டாம். 1983ல் நெல்சன் பிக்கே ஃபார்முலா ஒன் உலக விருதை வென்றது 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர் பிஎம்டபிள்யூ டர்போ எஞ்சினில். அதன் அடிப்படை, சாலையில் ஓடும் சாதாரணக் காரின் எஞ்சின் கட்டை.

எந்த எஞ்சின் எந்தக் காருக்கு?

குதிரைச் சக்தியைப் பார்ப்பதற்கு முன் எஞ்சின் எந்தத் திசையில் உட்காருகிறது என்று பாருங்கள். முன்சக்கர ஓட்டக் கார்களில் எஞ்சின் பெரும்பாலும் குறுக்காக இருக்கும். பின்சக்கர ஓட்டக் கார்களில் நெடுக்காக இருக்கும். குறுக்கு எஞ்சினை நெடுக்காக வைக்க வேறு கியர்பாக்ஸ், வேறு எண்ணெய்த் தொட்டி, வேறு தாங்கிகள், வேறு குழாய்கள் வேண்டும். எஞ்சின் விலையைவிட இந்தச் சில்லறைச் செலவு கூடிவிடும்.

மருமகன் கேட்ட மிட்சுபிஷி 4ஜி63 டர்போ, 1,997 சிசி. 1992ல் வந்த முதல் எவல்யூஷனிலிருந்து ஒன்பதாவது வரை இதுதான். வார்ப்பிரும்புக் கட்டை, அடி தாங்கும், ஆனால் கனம். டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். எவல்யூஷனில் அது குறுக்காக உட்கார்ந்திருக்கும். சில்வியாவுக்கு நெடுக்காக வேண்டும். தாளில் முதல் பெயரை அவனே அடித்தான்.

டொயோட்டா 3எஸ்-ஜிடிஇ, 1,998 சிசி. எம்ஆர்2 டர்போவிலும் செலிக்கா ஜிடி-ஃபோரிலும் வந்தது. இதுவும் வார்ப்பிரும்பு, இதுவும் குறுக்கு. டர்போ இல்லாத எம்ஆர்2 வைத்திருப்பவருக்கு இதுவே முதல் தேர்வு, ஏனென்றால் ஒரே குடும்பம். மற்றவர்களுக்குத் தலைவலி.

சுபாரு இஜே20 டர்போ, 1,994 சிசி. சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்த நிலையில் இருக்கும். உயரம் குறைவு, அகலம் அதிகம். குறுகிய மூக்குள்ள காரில் ஸ்பார்க் பிளக் மாற்றவே கை நுழையாது.

ஹோண்டா கே20சி1, 1,996 சிசி. 2017ல் வந்த சிவிக் டைப் ஆர் காரின் எஞ்சின். இந்தப் பட்டியலில் ஆக நவீனமானது. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீச்சும் முறை. அதன் கணினியையும் உணரிகளையும் பழைய காரோடு பேசவைப்பது கைதேர்ந்த மின் வேலைக்காரருக்கே சவால்.

கடைசியாக நிசான் எஸ்ஆர்20டிஇடி, 1,998 சிசி. அலுமினியக் கட்டை, டைமிங் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. அளவுக்கு மீறிச் சுழற்றினால் வால்வை அழுத்தும் ராக்கர் கை இடம் நழுவும் என்பது இதன் தெரிந்த குறை. சில்வியாவிலேயே நெடுக்காக உட்கார்ந்து வந்த எஞ்சின் இது.

தொழிற்சாலை என்ன செய்தது என்று பாருங்கள்

எஸ்15 காரை நிசான் இரண்டு வகையாக விற்றது. ஸ்பெக்-எஸ் வகையில் டர்போ இல்லை, 165 குதிரைச் சக்தி. ஸ்பெக்-ஆர் வகையில் டர்போ உண்டு, 250 குதிரைச் சக்தி. இரண்டும் 1,998 சிசி. மருமகனுடையது ஸ்பெக்-எஸ்.

“அப்போ என் எஞ்சின்லயே ஒரு டர்போவை மாட்டிடலாமே மாமா?” என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அவன் எஞ்சினின் கம்ப்ரெஷன் விகிதம் 10க்கு 1. டர்போ எஞ்சினுடையது 8.5க்கு 1. டர்போ ஏற்கெனவே காற்றை அழுத்தி அனுப்புகிறது. உள்ளே பிஸ்டனும் அதே அளவு அழுத்தினால் தீச்சுடர் வந்து சேர்வதற்கு முன்பே கலவையின் ஒரு பகுதி தானாக வெடிக்கும். “டக் டக்” என்று தட்டும் அந்தச் சத்தம் தொடர்ந்தால் பிஸ்டன் உடையும். நம் ஊர் வெயிலில் உள்ளே போகும் காற்றே சூடாக இருப்பதால் ஆபத்து இன்னும் கூடுதல். அதனால்தான் அழுத்திய காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலரும், தட்டலைத் தாங்கும் உயர் ஆக்டேன் பெட்ரோலும் டர்போவுக்குத் தேவைப்படுகின்றன.

நிசான் ஸ்பெக்-ஆர் காரைச் செய்தபோது எஞ்சினை மட்டும் மாற்றவில்லை. ஐந்து கியருக்குப் பதில் ஆறு கியர் பெட்டி, முன்பக்கம் பெரிய பிரேக், பின்சக்கரங்கள் வழுக்காமல் இழுக்கும் டிஃபரன்ஷியல், தடித்த சமநிலைத் தண்டுகள் எல்லாம் சேர்ந்தே வந்தன. 85 குதிரைச் சக்தி கூடும்போது வேறு எதெல்லாம் மாற வேண்டும் என்பதற்குத் தொழிற்சாலையே எழுதிக்கொடுத்த பட்டியல் அது. உங்கள் கார் எதுவாக இருந்தாலும், அதே மாடலின் வேகமான வகைக்கு நிறுவனம் என்னென்ன மாற்றியது என்று தேடிப் பாருங்கள். அதுதான் உங்கள் உண்மையான செலவுக் கணக்கு.

பெரிய டர்போவா, சிறியதா?

பெரிய டர்போ அதிகச் சக்தி தரும். ஆனால் அதைச் சுழற்றவே எஞ்சின் அதிக வேகம் எடுக்க வேண்டும். மிதித்த பிறகு காத்திருந்து, பிறகு திடீரென்று பாயும். செங்காங்கிலிருந்து தெம்பனிஸ் விரைவுச்சாலையில் ஏறினால் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர்தான். நம் விரைவுச்சாலை எதிலும் அதற்கு மேல் இல்லை. பெரிய டர்போ விழிப்பதற்குள் வெளியேறும் வழி வந்துவிடும். அன்றாடம் ஓட்டும் காருக்குத் தொழிற்சாலை வைத்த சிறிய டர்போவே இதமானது. முழு வேகம் பார்க்க ஆசையென்றால் அதற்கு மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடம் இருக்கிறது. சாலை அதற்கான இடமல்ல.

பழைய எஞ்சின் வாங்கும்போது

இங்கே ஓடும் பழைய டர்போ எஞ்சின்களில் பல, ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்கும் ‘ஹாஃப் கட்’ கார்களிலிருந்து வருபவை. எஞ்சினை மட்டும் வாங்குவதைவிட ஹாஃப் கட் மேல். கியர்பாக்ஸ், வயரிங், கணினி, இன்டர்கூலர் எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். கத்தரித்த வயரிங்கோடு எஞ்சின் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரெஷன் அளந்து பாருங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்தால் அந்தச் சிலிண்டருக்குள் கோளாறு. எண்ணெய் மூடியைத் திறந்தால் பால் கலந்த காப்பி நிறத்தில் பசை இருக்கக்கூடாது. இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. டர்போ தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். சக்கரம் கூட்டின் சுவரில் உரசினால் அது முடிந்த கதை. அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது, எஞ்சின் எண்ணெயின் மெல்லிய படலத்தின் மீதுதான். எண்ணெய் மாற்றத் தவறிய எஞ்சினில் முதலில் சாவது டர்போ.

எஞ்சின் எண் தெளிவாக இருக்கிறதா, தேய்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரசீதும் இறக்குமதித் தாள்களும் கையில் வராமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

புதன்கிழமை என்ன நடந்தது?

மருமகன் ஜோகூர்க்காரரை அழைத்து நான்கு கேள்விகள் கேட்டான். கியர்பாக்ஸ் உண்டா, வயரிங் முழுதாக இருக்கிறதா, கம்ப்ரெஷன் அளந்து காட்டுவீர்களா, தாள்கள் இருக்கின்றனவா? நான்குக்கும் சரியான பதில் வரவில்லை. முன்பணம் கட்டவில்லை.

இப்போது ஒரு பட்டறை மூலம், எஸ்ஆர்20டிஇடி போட அனுமதி கிடைக்குமா என்று ஆணையத்திடம் கேட்டிருக்கிறான். காத்திருக்கும் நேரத்தில் பிரேக்கையும் ரேடியேட்டரையும் புதுப்பித்துவிட்டான். அனுமதி வந்தாலும் வராவிட்டாலும் அந்த இரண்டும் வீண்போகாது. சென்ற வாரம் அக்காவை அதே காரில் தேக்கா சந்தைக்கு அழைத்துப் போனானாம். “வண்டி நல்லாத்தானே ஓடுது, இதுக்கு எதுக்கு வேற எஞ்சின்?” என்று அக்கா கேட்டாராம். அதற்கு மட்டும் அவனிடம் இன்னும் பதில் இல்லை.