புற்றணுவும் பத்தியமும்

பினாங்கில், முன்னாளில் பிட் தெரு எனப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், நாசி கண்டார் குழம்பின் மணம் மூக்கைத் துளைக்கும். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர் அவ்வழியே சென்றால், "எண்ணெய், நெய் ஆகாது" என்று உறவினர் தடுப்பர். கொழுப்பை விலக்கினால் நோய் பட்டினியால் மடியுமா?

மடியாது. புற்றணு தனக்கு வேண்டிய கொழுப்பைச் சர்க்கரையிலிருந்தே ஆக்கிக்கொள்ளவல்லது. 1953-இல் மீட்ஸ், தாமஸ், வைன்ஹவுஸ் என்னும் மூவர் கட்டித் திசுக்கள் கொழுப்பமிலம் ஆக்குவதை ஆராய்ந்து காட்டினர். அவ்வாறு பிறப்பது முதலில் பால்மிட்டிக் அமிலம். நம் செம்பனையெண்ணெயில் மிகுந்துள்ளதும் அதுவே!

இது நிறைவுற்ற கொழுப்பு. இதன் மூலக்கூறுகள் நேரானவை. அடுக்கிய விறகென நெருங்கி நிற்பவை. புற்றணுவைச் சூழ்ந்த சவ்வில் இவை மிகுமாயின், டாக்சோரூபிசின் போன்ற மருந்து உட்புகுவது கடினமாகிறது. புகுந்ததையும் வெளியே இறைத்துவிடும் புரதம் ஒன்று அச்சவ்விலேயே உண்டு. 1976-இல் ஜூலியானோவும் லிங்கும் அதனைக் கண்டறிந்தனர். எஞ்சிய மருந்து எழுப்பும் ஆக்சிஜன் நச்சோ நிறைவுற்ற கொழுப்பை எளிதில் சிதைப்பதில்லை. போதாக்குறைக்கு, சில புற்றணுக்கள் கொழுப்பை எரித்து ஆற்றலும் பெறுகின்றன.

ஆதலின் அணுவின் கொழுப்பாக்கத்தையே தடுக்கும் மருந்துகளை நோயாளரிடம் சோதித்து வருகின்றனர். வீட்டுப் பத்தியத்தால் அது கைகூடாது. அளவுமீறிய பத்தியத்தால் மெலிபவர் நோயாளரே. மெலிந்த உடல் மருந்தின் கடுமையைத் தாங்குவதும் அரிது.