எல்லைக்கல்

எல்லைக்கல் என்பது நிலத்தின் எல்லை திரும்பும் முனைகளில் நடப்படும் கல் ஆகும். இது பேச்சு வழக்கில் சர்வே கல் எனப்படும். தமிழ்நாட்டில் 1923 ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டம் இதற்கு அடிப்படையாகும்.

மறைந்த கல்லைக் கண்டறிதல்

உழவு, சாலைப்பணி, மண் நிரப்பல் ஆகியவற்றால் கற்கள் புதைந்துவிடுவதுண்டு. புலப்படத்தில் கற்களுக்கு இடைப்பட்ட நீளங்கள் குறிக்கப்பட்டிருக்கும். எஞ்சியுள்ள இரு கற்களை மையமாகக் கொண்டு அந்நீளங்களில் விற்கள் வரைந்தால், புலப்படம் காட்டும் பக்கத்தில் அவை வெட்டும் புள்ளியே மறைந்த கல்லின் இடமாகும். மூன்றாவது கல்லிலிருந்து அளந்து இதனைச் சரிபார்க்கலாம்.

நிலம் வாங்குவோர் கவனத்துக்கு

வேலியும் வரப்பும் எல்லைக்குச் சான்றாகா. அவற்றை நம்பிக் கட்டிய சுவர் அடுத்தவர் நிலத்தில் அமைந்தால் இடிக்க நேரிடலாம். எனவே கிரயத்துக்கு முன்பே, பட்டாதாரரான விற்பவர் மூலம் விண்ணப்பித்து, அரசு நில அளவரைக் கொண்டு அளந்து கல் நடுதல் நன்று.