80 வெள்ளி கிட்டார்

ஜொகூர் பாரு பாசார் காராட்டில் கடந்த மாதம் பழைய கிட்டார் ஒன்று வாங்கினேன். விலை 80 வெள்ளி. தலைப்பகுதியில் பாதி அழிந்த எழுத்தில் 'காப்போக்' என்றிருந்தது. பார்த்ததும் லயத்து வாசலில் உட்கார்ந்து வாசித்த அண்ணன்தான் நினைவுக்கு வந்தார். அவருடையதும் காப்போக்தான். அப்பா சீனர் கடையில் தவணைக்கு வாங்கித் தந்தது.

காப்போக், சீனாவின் குவாங்சோவ் நகரில் செய்யப்பட்ட கிட்டார். அந்நகரின் மலரான செவ்விலவம்பூவின் பெயர் அதற்கு. மலிவாகக் கிடைத்ததால் நம் நாட்டில் அதுவே பொதுப்பெயராகிவிட்டது. மின்சாரம் இல்லாத சாதாரண மரக் கிட்டார் எதுவானாலும் மலாய்க்காரர்களுக்கு அது 'கித்தார் காப்போக்'தான்.

விலையுயர்ந்த கிட்டாரின் முகப்பு ஒரே மரத்தில் அறுத்த பலகை. நாதம் செழிப்பாக இருக்கும். ஆனால் ஈரம் ஏறினால் உப்பும். குளிர்சாதன அறையில் காய்ந்தால் வெடிக்கும். மலிவுக் கிட்டாருக்கு ஒட்டுப்பலகை. நாதம் ஒரு படி குறைவு என்றாலும், நம்மூர் மழைக்கும் புழுக்கத்துக்கும் அது நன்றாகவே ஈடுகொடுக்கும். யமஹா 1966-இல் வெளியிட்ட எஃப்ஜி-180-இன் முகப்பும் ஒட்டுப்பலகைதான். இன்று பழைய கிட்டார் பிரியர்கள் அதைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடக் கூடாது. தலைப்பக்கத்திலிருந்து கழுத்தை நீளவாக்கில் பாருங்கள், வளைந்திருந்தால் வேண்டாம். 12-ஆவது கட்டையில் கம்பி 3 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தால் விரல் புண்ணாகிவிடும். கம்பிகளைத் தாங்கும் பாலம் முகப்பிலிருந்து பிரிகிறதா என்றும் கவனியுங்கள். ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையில் இழுக்கின்றன.

அண்ணனின் கிட்டாரை அழித்தது அந்த இழுப்புதான். அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது அது சுவரில் தொங்கியது. கம்பியைத் தளர்த்த வேண்டுமென்று எங்கள் யாருக்கும் தெரியாது. இரண்டு வருடம் கழித்து வந்து எடுத்தார். கழுத்து வில்லாக வளைந்து, பாலம் பெயர்ந்து கிடந்தது. யாரையும் திட்டவில்லை. ஆனால் வேறு கிட்டாரும் வாங்கவில்லை.

புதுக் கம்பி மாட்டி, போன ஞாயிறு அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"எதுக்குடா தம்பி இந்த வயசுல?" என்றார். ஆனாலும் மடியில் வைத்துக்கொண்டார். விரல்கள் தடுமாறின; அரை மணி நேரம் கீழே வைக்கவில்லை. முடித்ததும், யாரும் சொல்லாமலேயே, ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்.