பேஸ்பால் விருது யாருக்கு? முன்கூட்டியே கணிப்போமா!



கிரிக்கெட் தொடர் ஆரம்பிக்கும் முன்னாடியே "இந்தத் தடவை தொடர் நாயகன் இவர்தான்"னு நாம அடிச்சுச் சொல்வோம் இல்லையா? அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்களும் சீசனுக்கு முன்னால் அதையேதான் செய்கிறார்கள். எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. எப்படிக் கணிப்பது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

மேஜர் லீக் பேஸ்பாலில் மொத்தம் 30 அணிகள். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் மூன்று பெரிய விருதுகள் தருகிறார்கள்.

* எம்.வி.பி. – மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கு.
* சை யங் விருது – சிறந்த பிட்சருக்கு. பிட்சர் என்றால் பந்து எறிபவர், நம்ம பௌலர் மாதிரி. சை யங் 511 வெற்றி பெற்ற பிட்சர். 1955-ல் இறந்தார். 1956-ல் அவர் பெயரில் விருது வந்தது.
* புதுமுக விருது – 1947-ல் முதன்முதலாக வாங்கியவர் ஜாக்கி ராபின்சன்.

கணிப்பதற்கு நான் வைத்திருக்கும் விதிகள் மூன்று.

1. யார் ஓட்டுப் போடுறாங்கன்னு பார்க்கணும்.
ரசிகர்கள் இல்லை, விளையாட்டு நிருபர்கள்தான். ஒரு பிரிவுக்கு 30 பேர். எம்.வி.பி.க்கு ஒவ்வொருவரும் 10 பெயர்களை வரிசையாக எழுதணும். முதல் இடத்துக்கு 14 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 9, அப்புறம் 8, 7 என்று குறையும். லீக் ஆட்டங்கள் முடிந்ததும், நாக்அவுட் சுற்று தொடங்கும் முன்பே ஓட்டுப் போட்டுவிடுவார்கள். அதனால் ஃபைனலில் கலக்கியவருக்கு அதற்காக விருது கிடைக்காது!

2. முழு சீசனும் ஆடுவாரா?
ஒவ்வொரு அணிக்கும் 162 ஆட்டம். 2023-ல் நேஷனல் லீக் எம்.வி.பி. ரொனால்ட் அகூன்யா. 2024-லும் அவரே என்று நான் அடித்துச் சொன்னேன். மே மாதமே முழங்கால் ஜவ்வு கிழிந்தது. 49 ஆட்டத்தோடு சீசன் முடிந்தது. என் கணிப்பும் போச்சு! விருதை வாங்கியவர் ஷோஹே ஓடானி.

3. அணியின் வெற்றி வேறு, ஆளின் திறமை வேறு.
பேஸ்பாலில் பிட்சர் பெயரிலேயே வெற்றி, தோல்வி எழுதுவார்கள். 1990-ல் பாப் வெல்ச் 27 வெற்றி பெற்றார், சை யங் விருதும் வாங்கினார். ஆனால் 2010-ல் அதே விருதை வாங்கிய ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் பெற்றது 13 வெற்றி, 12 தோல்வி! அவருடைய சியாட்டில் அணி அந்த வருஷம் 101 ஆட்டங்களில் தோற்றது.

"இவருக்கா விருது?" என்று எனக்கு முதலில் கோபமே வந்தது. கணக்கைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ரன் சராசரி 2.27. அந்த லீக்கிலேயே குறைவு. அவர் ஒழுங்காகத்தான் எறிந்தார். அவருடைய அணிக்காரர்கள் ரன் எடுக்கவில்லை. அதற்கு அவர் என்ன செய்வார்? 2025-ல் பால் ஸ்கீன்ஸும் அப்படித்தான். 10 வெற்றி, 10 தோல்வி, சராசரி 1.97. நிருபர்கள் 30 பேருமே அவருக்குத்தான் முதல் இடம் கொடுத்தார்கள்.

தோற்கிற அணியிலும் நல்ல ஆட்டக்காரர் இருப்பார். அவரைக் கண்டுபிடிப்பதுதான் சரியான கணிப்பு. நம்ம வகுப்பு கிரிக்கெட் டீமில் தோற்ற பக்கத்து பௌலரை நாம யாராவது பாராட்டியிருக்கோமா? யோசிச்சுப் பாருங்க!

இதோ, அடுத்த சீசனுக்கு நேஷனல் லீக்கில் என் கணிப்பு: எம்.வி.பி. ஓடானி, சை யங் விருது ஸ்கீன்ஸ். காயம் படாமல் ஆடினால்தான்! புதுமுக விருதை மட்டும் நான் தொடவில்லை. புது ஆளைக் கணிக்கப் பழைய கணக்கு ஏது?

உங்கள் கணிப்பையும் இப்பவே ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வையுங்கள். என்னுடையது தப்பானால், அதையும் இதே சுவரில் எழுதுவேன்.