ஸ்ட்ராடிவாரி சீட்டு ஒட்டிய வயலின்

பரணிலிருந்து இறக்கிய பழைய வயலினின் எஃப் வடிவத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சளேறிய சீட்டு ஒன்று தெரியலாம். அதில் 'அந்தோனியுஸ் ஸ்ட்ராடிவாரியுஸ் கிரெமோனென்ஸிஸ்' என்று லத்தீனில் அச்சாகி, கீழே 17-இல் தொடங்கும் ஓர் ஆண்டும் இருந்தால், வீட்டில் அன்று யாருக்கும் தூக்கம் வராது. கிரெமோனா நகரத்து ஸ்ட்ராடிவாரியின் வயலின் கோடிக்கணக்கில் விலைபோகிறது என்பது ஊரறிந்த சேதி ஆயிற்றே!

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறைக்கும் மேல் அது அவர் செய்ததாக இருக்காது. 1737-இல் இறந்த ஸ்ட்ராடிவாரியின் கருவிகளில் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 650. பெரும்பாலானவற்றுக்குத் தனிப்பெயரும், கைமாறிய வரலாறும் உண்டு. சீட்டுகளுக்கோ கணக்கே இல்லை.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஷன், பிரான்சின் மிர்கூர் போன்ற ஊர்களில் வயலின் மலிவாகவும் மொத்தமாகவும் உற்பத்தியானது. மார்க்நொய்கிர்ஷன் பக்கம் ஒரு வீட்டில் சுருள்தலை செதுக்குவார்கள். இன்னொரு வீட்டில் மேல்பலகை. வியாபாரி எல்லாவற்றையும் சேர்த்து, எந்த மாதிரியில் செய்தது என்பதற்குச் சீட்டு ஒட்டி அனுப்புவார். அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனத்தின் தபால் விற்பனைப் பட்டியலில்கூட இத்தகைய வயலின்கள் சில டாலருக்குக் கிடைத்தன. வாங்கியவருக்கு அது நகல் என்று விலையே சொல்லிவிட்டது. பேரன் காலத்தில் விலை மறந்துபோயிற்று, சீட்டு மட்டும் மிஞ்சியது.

சில சீட்டுகள் தாங்களே குட்டை உடைத்துவிடும். இறக்குமதிப் பொருளில் அது தயாரான நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று 1890-இல் அமெரிக்கா சட்டம் போட்டது. ஆகவே ஸ்ட்ராடிவாரி பெயருக்குக் கீழே 'ஜெர்மனி' என்றிருந்தால் அந்தச் சட்டத்துக்குப் பிந்தையதாகவே இருக்கும். 'செக்கோஸ்லோவாக்கியா' என்றிருந்தால் 1918-க்குப் பிறகு. நாட்டின் பெயர் இல்லாததால் மட்டும் அசல் ஆகிவிடாது.

கைதேர்ந்தவர்கள் சீட்டைக் கடைசியில்தான் படிப்பார்கள். முதலில் விளிம்பை ஒட்டி ஓடும் கறுப்புக் கோடு. நல்ல வேலையில் பள்ளம் வெட்டி, கறுப்பு-வெள்ளை-கறுப்பு என மூன்று மெல்லிய மரப்பட்டைகளைப் பதித்திருப்பார்கள். மலிவு வேலையில் மையால் வரைந்திருப்பார்கள். அடுத்து உட்புறம். மேல்பலகையின் அடியில் நீளவாக்கில் ஓடும் பாஸ் பார் தனிக்கட்டையாக ஒட்டப்பட்டதா, பலகையிலேயே செதுக்கி விடப்பட்டதா? பலகையோடு ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் அவசர வேலை. பிறகு கழுத்து. ஸ்ட்ராடிவாரி காலத்துக் கழுத்து குட்டை. பிற்காலத்தில் சுருள்தலையை வைத்துக்கொண்டு நீளமான கழுத்தைப் பொருத்தினார்கள். அந்த ஒட்டுக்கோடு பிருடைப் பெட்டியின் பக்கவாட்டில் தெரியும். இதை அறிந்த போலிக்காரர்கள் ஒட்டே இல்லாத கழுத்திலும் கோடு கீறிவைத்தார்கள் என்பது வேறு கதை!

மரத்தின் ஆண்டு வளையங்களும் சாட்சி சொல்லும். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ள 'மெசையா' வயலினின் சீட்டு 1716 என்கிறது. அத்தனை புதுமெருகுடன் இருப்பதால், ஒருகாலத்தில் அதை வைத்திருந்த, நகலெடுப்பதில் மன்னரான பாரிஸின் வியோம் செய்ததோ என்று சந்தேகம் எழுந்தது. மேல்பலகையின் வளையங்களை அளந்தபோது கடைசி வளையம் 1680-களைச் சேர்ந்தது என்று தெரிந்தது. சீட்டின் ஆண்டுக்கு அது பொருந்துகிறது. ஆனால் மரம் எந்த ஆண்டுக்கு முன் வெட்டப்பட்டிருக்க முடியாது என்பதைத்தான் வளையம் சொல்லும். உளி பிடித்த கை யாருடையது என்று சொல்லாது.

அசலானால் விலை? 1721-ஆம் ஆண்டின் 'லேடி பிளண்ட்' 2011-இல் சுமார் 1.59 கோடி டாலருக்கு ஏலம் போய், ஜப்பான் நிலநடுக்க நிவாரணத்துக்கு உதவியது. பட்டறை நகல்களுக்கு நிலைமையைப் பொறுத்துச் சில நூறு டாலரிலிருந்து சில ஆயிரம் வரை. பின்பலகையில், உள்ளே மேல்பலகையைத் தாங்கும் சிறு மரத்தண்டான சவுண்ட் போஸ்ட் நிற்கும் இடத்தில் விரிசல் விழுந்திருந்தால் எந்த வயலினானாலும் மதிப்பு பலமாக அடிபடும். பழைய வார்னிஷைச் சுரண்டிப் புதிது பூசியிருந்தாலும் அப்படியே. பெட்டியில் கிடக்கும் வில்லையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வயலினைவிட வில் அதிக விலை போனதுண்டு.

சான்றிதழ் என்ற காகிதத்தையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். வியன்னாவின் பெயர்பெற்ற வயலின் வியாபாரி ஒருவருக்கே மோசடிக்காக 2012-இல் ஆறாண்டுச் சிறை விதித்தார்கள். காப்பீட்டுக்குப் போட்ட மதிப்பு கையில் கிடைக்கும் விலையும் அல்ல. தாத்தாவின் வயலினை மதிப்பிடப் போகிறீர்களென்றால் துடைத்து மெருகேற்றாமல், இருந்தபடியே கொண்டுபோங்கள். மதிப்புச் சொல்பவரே "நானே வாங்கிக்கொள்கிறேன்" என்றால், இன்னொருவரிடமும் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.