மின்சாரக் கம்பளி வாங்குவோர் கவனத்திற்கு

ஊரிலிருந்து பிரிட்டனுக்கு வரும் பெற்றோருக்குக் குளிர்காலத்தில் முதலில் வேண்டுவது சூடான படுக்கை. அதற்காகப் பல இல்லங்களில் மெத்தைமேல் விரிக்கும் மின்சாரக் கம்பளியை வாங்குகிறார்கள். அதில் கைட்மார்க் முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குதல் நலம். பிறர் பாவித்த பழையது வேண்டாம். 10 ஆண்டு கடந்ததை மாற்றிவிடும்படி தீயணைப்புப் படையினர் அறிவுறுத்துகின்றனர்.

இரவு முழுவதும் பாவிக்கலாம் என்று குறிப்பிடப்படாத கம்பளியை, படுக்குமுன் நிறுத்திவிட வேண்டும். வெந்நீர்ப் பையை அதனுடன் சேர்த்து வைக்கலாகாது. கோடையில் மடித்து வைத்தால் உள்ளிருக்கும் கம்பி பழுதடைந்து தீப்பற்றக்கூடும்; பாயைப் போலச் சுருட்டி வைப்பதே முறை. கைக்குழந்தையின் படுக்கைக்கு இது வேண்டவே வேண்டாம்.

ஆங்கிலக் குறிப்பைப் படிக்க இயலாத முதியோருக்கு, பிள்ளைகள் இவற்றைத் தமிழில் விளக்கி, சுவிட்சைப் போட்டும் நிறுத்தியும் காட்டிய பின்னரே கொடுத்தல் வேண்டும்.